கணனி மாறினால் டெஸ்க்டொப்பும் மாறிப்போகிறதா? நெட்வேர்க் லொக்கின் கோளாறுகள், அறிகுறி வாரியாக

ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். நேற்று மூன்றாம் கணனியில் இருந்து வேலை செய்தவர் இன்று ஏழாம் கணனியில் இருந்தாலும் அவருடைய ஃபைல்களும் டெஸ்க்டொப்பும் அப்படியே வரவேண்டும். வராத நாட்களுக்கானது இந்தக் குறிப்பு. திருகோணமலையில் பாடசாலைக் கணனிக் கூடம், கந்தோர், ரியூட்டரி என்று எதை எடுத்தாலும் "கணனி தெரிந்தவர்" என்று ஒருவரின் தலையில் இந்த வேலை விழுந்திருக்கும். அவருக்காக எழுதியது.

ஒரு விண்டோஸ் சேர்வர், ஒரு டொமெய்ன் (எல்லாக் கணக்குகளையும் கணனிகளையும் சேர்வரே ஆளும் அமைப்பு), விண்டோஸ் 10 அல்லது 11 போட்ட கணனிகள் என்ற அமைப்பைத்தான் மனதில் வைத்திருக்கிறோம். சேர்வர் இல்லாமல் ஒரு கணனியில் ஷெயார் போட்டு நடத்துகிறவர்களுக்கு அறிகுறி 3, 5 இரண்டும் போதும்.

எதையும் தொடமுன் இரண்டு சோதனை

முறைப்பாடு எதுவாக இருந்தாலும் முதல் ஐந்து நிமிடம் இதற்குத்தான். அதே ஆளை வேறு கணனியில் லொக்கின் பண்ணச் சொல்லுங்கள். பிறகு அதே கணனியில் வேறு ஒருவரை லொக்கின் பண்ணச் சொல்லுங்கள்.

ஆள் வேறு கணனியில் சரியாக வேலை செய்தால் பிழை அந்தக் கணனியில். ஆள் எங்கே போனாலும் பிழை கூடவே போனால் அது அவருடைய கணக்கில், அல்லது சேர்வரில் இருக்கும் அவருடைய ஃபோல்டரில். யாருக்கும் எங்கேயும் வரவில்லை என்றால் சேர்வர், ஸ்விட்ச், றவுட்டர் மூன்றில் ஒன்று. நேரே அறிகுறி 7க்குப் போங்கள்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் புரொஃபைலை (ஒருவருடைய டெஸ்க்டொப், ஃபைல்கள், செட்டிங்ஸ் எல்லாம் சேர்ந்த தொகுதியை) அழித்துவிட்டு, பிறகு பிழை றவுட்டரில் இருந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வழக்கமாக நடக்கும் கூத்து. பிழை போய்விடும், ரீச்சர் அடித்து வைத்த தவணைப் பரீட்சை வினாத்தாளும் கூடவே போய்விடும். யூசர்ஸ் ஃபோல்டருக்குள் எதை அழிப்பதானாலும் அதற்கு முன் ஒரு பிரதி வெளி டிஸ்க்கில் இருக்கவேண்டும்.

அறிகுறி 1: வெறும் டெஸ்க்டொப், "டெம்பரரி புரொஃபைல்" என்ற அறிவிப்பு

முதல் வேலை, இருப்பவரைத் தடுப்பது. தற்காலிக புரொஃபைலில் சேமிக்கும் எல்லாம் சைன் அவுட் பண்ணிய நொடியே அழிந்துவிடும். அதற்குள் ஏதாவது அடித்திருந்தால் சைன் அவுட் பண்ண முன் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள்.

ஒரு கணனியில் மட்டும், ஒருவருக்கு மட்டும் வருகிறது

ரீஸ்டார்ட் பண்ணுங்கள். ஷட்டவுன் பண்ணிப் போடுவது அதற்கு ஈடல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கணனியில் ஷட்டவுன் என்பது அரைத் தூக்கம்தான், ரீஸ்டார்ட்தான் முழுக்க எழுப்பும். வைரஸ் காவலோ பிரிண்டர் மென்பொருளோ புரொஃபைல் ஃபைலைப் பிடித்துக்கொண்டிருந்தால் இதிலேயே விட்டுவிடும்.

அடுத்து சி டிரைவில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கூடத்துக் கணனி ஒன்றில் 40 மாணவர்கள் மாறி மாறி இருந்தால் 40 புரொஃபைல்களின் பிரதிகள் அங்கேயே தங்கும். 120 ஜிபி எஸ்எஸ்டி ஒரு தவணைக்குள் நிரம்பிவிடும். இதற்கு நிரந்தர மருந்து குரூப் பொலிசியில் (சேர்வரில் இருந்து எல்லாக் கணனிக்கும் செட்டிங் போடும் வசதியில்) இருக்கிறது: குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் பயன்படுத்தாத புரொஃபைலை ரீஸ்டார்டின்போது அழிக்கச் சொல்லலாம். 30 நாள் என்று போடுவது பாடசாலைக்குப் பொருந்தும். விடுமுறை தொடங்குமுன் எல்லோருடைய ஃபைலும் சேர்வருக்குப் போயிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் இருந்தும் வந்தால் ஈவென்ட் வியூவரை (விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் இடத்தை) திறந்து அப்ளிகேஷன் பதிவில் எண்ணைத் தேடுங்கள். 1511 அல்லது 1515 இருந்தால் கணனியில் இருக்கும் பிரதி கெட்டுவிட்டது. 1521 இருந்தால் பிரதியில் பிழை இல்லை, சேர்வரில் இருக்கும் ஃபோல்டரை அது எட்டவில்லை. அப்படியானால் அறிகுறி 3இல் டிஎன்எஸ் (பெயரைச் சொன்னால் ஐபி எண்ணைத் தேடித் தரும் சேவை) பகுதிக்குப் போங்கள்.

பிரதி கெட்டிருந்தால் செய்யவேண்டியது:

1. ரீஸ்டார்ட் பண்ணி, அந்த ஆளின் பெயரில் நுழையாமல், அட்மின் கணக்கில் நுழையுங்கள்.
2. சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து, அவர் பெயரில் இருக்கும் ஃபோல்டரை முழுதாக வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். மறைத்த ஃபைல்களையும் காட்டும்படி வைத்துக்கொண்டு எடுங்கள்.
3. சிஸ்டம் புரொப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்ட் தாவலுக்குப் போய், யூசர் புரொஃபைல்ஸ் என்பதன் கீழ் செட்டிங்ஸை அழுத்தி, அவர் பெயரைத் தெரிவுசெய்து டிலீட் கொடுங்கள்.
4. மறுபடி ரீஸ்டார்ட். இப்போது அவர் நுழைந்தால் சேர்வரில் இருப்பது புதிதாக இறங்கும்.
5. கடைசியாகச் சேமித்தவை இல்லை என்றால் 2இல் எடுத்த பிரதியில் இருந்து டொக்கியுமென்ட்ஸ், டெஸ்க்டொப் இரண்டை மட்டும் போடுங்கள். மென்பொருள்களின் செட்டிங்ஸ் இருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரை அப்படியே தூக்கிப் போட்டால் கெட்டதும் திரும்பி வரும்.

மூன்றாம் படியை விட்டுவிட்டு ஃபோல்டரை நேரே அழிக்கிறவர்கள் நிறையப் பேர். ஃபோல்டர் போகும், ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் செட்டிங்ஸ் பதிவேட்டில்) அதன் பதிவு போகாது. அடுத்த லொக்கினும் தற்காலிகமாகவே வரும். அப்படி ஏற்கெனவே செய்துவிட்டிருந்தால் ரெஜிஸ்ட்ரியில் புரொஃபைல்லிஸ்ட் என்ற இடத்தில் ஒரே நீள எண் இரண்டு தரம் இருக்கும், ஒன்றின் வாலில் "புள்ளி பேக்" (.bak) ஒட்டியிருக்கும். உள்ளே புரொஃபைல்இமேஜ்பாத் என்ற வரியில் அந்த ஆளின் பெயர்தான் இருக்கிறது என்று உறுதிப்படுத்திக்கொண்டு, இரண்டையும் ஏற்றுமதி செய்து வைத்துவிட்டு, அழித்து, ரீஸ்டார்ட் பண்ணுங்கள். ரெஜிஸ்ட்ரி பழக்கமில்லாதவர் இந்த இடத்தில் நிறுத்தி, தெரிந்தவரைக் கூப்பிடுவது நல்லது.

ஒருவருக்கு மட்டும், ஆனால் எல்லாக் கணனியிலும் வருகிறது

சேர்வருக்குப் போங்கள். அவருடைய புரொஃபைல் ஃபோல்டரில் செக்கியூரிட்டி, அட்வான்ஸ்ட் என்று போய் உரிமையாளர் யார் என்று பாருங்கள். அவருடைய பெயரோ அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்ற குழுவோ இல்லாமல் வேறொரு பெயர் இருந்தால் விண்டோஸ் அந்த ஃபோல்டரை ஏற்காது. யாராவது சேர்வர் டிஸ்க்கை மாற்றி ஃபோல்டர்களைக் கொப்பி-பேஸ்ட் பண்ணிய அடுத்த நாள் இது கூட்டமாக வரும். உரிமையாளரை மாற்றும்போது உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கும் சேர்த்து மாற்றும் கட்டத்தில் சரி போடுங்கள்.

உரிமை சரியாக இருந்தால் கணக்கில் புரொஃபைல் பாதை சரியா என்று பாருங்கள். கலியாணத்துக்குப் பிறகு, அல்லது பெயரில் எழுத்துப்பிழை திருத்தியபோது, கணக்கின் பெயரை மாற்றியிருப்பார்கள். ஃபோல்டர் பழைய பெயரிலேயே கிடக்கும்.

அறிகுறி 2: லொக்கின் ஆகிறது, ஆனால் பத்து நிமிடம் "வெல்கம்" சுற்றுகிறது

ஒருவருக்கு மட்டும்

புரொஃபைல் பெருத்துவிட்டது. எத்தனை ஜிபி என்று சேர்வரில் பாருங்கள். 200 எம்பிக்குக் கீழே இருப்பது சுகம், 1 ஜிபியைத் தாண்டினால் வலி. காரணம் அநேகமாக டெஸ்க்டொப்தான்: விளையாட்டுப் போட்டி வீடியோ, கைபேசியில் இருந்து இறக்கிய படங்கள், ஒரு மென்பொருளின் முழு நிறுவல் ஃபோல்டர். எல்லாம் ஒவ்வொரு லொக்கினுக்கும் வயரில் ஏறி இறங்குகிறது.

எடுத்து வேறிடத்தில் வைப்பது இன்றைக்கான மருந்து. நாளைக்கும் வராமல் இருக்க ஃபோல்டர் ரீடிரெக்ஷன் போடுங்கள். டெஸ்க்டொப்பும் டொக்கியுமென்ட்ஸும் சேர்வரிலேயே இருக்கும், திறக்கும் ஃபைல் மட்டும் வயரில் வரும். எங்களைக் கேட்டால், புதிதாக ஓர் இடத்தில் அமைப்பதானால் ரோமிங் புரொஃபைலே (லொக்கினில் சேர்வரில் இருந்து இறங்கி, சைன் அவுட்டில் திரும்ப ஏறும் புரொஃபைல்) வேண்டாம், ரீடிரெக்ஷன் மட்டும் போதும் என்போம். சுவர்ப்படம் கூடவே வராததால் யாருடைய வேலையும் கெட்டதில்லை.

ஒரு கணனியில் மட்டும்

செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தைத் திறந்து லிங்க் வேகத்தைப் பாருங்கள். 1000 இருக்கவேண்டிய இடத்தில் 100 என்று இருந்தால் கேபிளில் நான்கு கம்பிகள்தான் பேசுகின்றன. 100க்கு 1, 2, 3, 6 ஆம் பின்கள் போதும். 1000க்கு எட்டும் வேண்டும். ஒரு பின் போனாலும் கணனி சத்தமில்லாமல் கீழே இறங்கிவிடும், இன்டர்நெட் வேலை செய்வதால் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

உப்புக்காற்று அடிக்கும் ஊர் இது. டொக்யார்ட் வீதிப் பக்கமோ, உப்புவெளி கடற்கரையை ஒட்டியோ, யன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யும் கட்டடங்களில் கேபிள் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டுப் பொன்னிறக் கோடுகளில் ஒன்றிரண்டு பச்சையாகவோ வெள்ளை பூத்தோ இருக்கும். துணியால் துடைத்தால் ஒரு கிழமை தாங்கும். பிளக்கை வெட்டிவிட்டுப் புதிதாக ஒன்று அடிப்பதே சரி. அடிக்கும்போது கம்பி நிற வரிசை மறுமுனையில் இருப்பதுபோலவே இருக்கட்டும். கணனி, ஸ்விட்ச் இரண்டின் துளைகளும் பூத்திருந்தால் கொன்டக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். சுவர்ப் பெட்டிக்குள் இருக்கும் முனையையும் மறக்கவேண்டாம். மார்கழி மழை யன்னலால் அடித்து முதலில் கெடுப்பது அதைத்தான்.

எல்லோருக்கும், ஆனால் காலையில் மட்டும்

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 பேர், ஆளுக்கு 500 எம்பி, மொத்தம் 15 ஜிபி. மணி அடித்ததும் 30 பேரும் ஒன்றாக லொக்கின் பண்ணினால், சேர்வரின் கேபிள் 1000 வேகத்தில் இருந்தாலும் குறைந்தது 2 நிமிடம். அது 100க்கு இறங்கியிருந்தால் 20 நிமிடம். ஆகவே சேர்வரில் இருந்து ஸ்விட்ச்சுக்குப் போகும் அந்த ஒரு கேபிளை முதலில் பாருங்கள், பிறகு ஸ்விட்ச் பழைய 100 வகையா என்று பாருங்கள். ஸ்விட்ச் மாற்றுவதே செலவு. சேர்வரின் சுழலும் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றுவது அதைவிடச் செலவு. வயரைப் பார்க்காமல் புதுச் சேர்வருக்கு விலை கேட்கப் போகவேண்டாம்.

அறிகுறி 3: நெட்வேர்க் டிரைவில் சிவப்புப் புள்ளடி, அல்லது டிரைவே இல்லை

புள்ளடி இருக்கிறது, அழுத்தினால் திறக்கிறது

பிழையில்லை. விண்டோஸ் எழும்பும் நேரத்துக்கு நெட்வேர்க் தயாராகவில்லை, அவ்வளவுதான். கண்ணை உறுத்தினால் "ஆல்வேய்ஸ் வெயிட் ஃபோர் த நெட்வேர்க்" என்ற பொலிசியை இயக்குங்கள்.

பாஸ்வேர்ட் கேட்கிறது, சரியானதைக் கொடுத்தாலும் ஏற்கவில்லை

கொன்ட்ரோல் பெனலில் கிரெடென்ஷியல் மனேஜரைத் திறந்து, சேர்வர் பெயரில் இருக்கும் பழைய பதிவை நீக்குங்கள். பாஸ்வேர்ட் மாற்றிய பிறகு வரும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கேயே தீர்ந்துவிடும். ஒருவரின் கணக்கு அடிக்கடி பூட்டிக்கொள்கிறது என்றாலும் இதுதான்: வேறொரு கணனியில் பழைய பாஸ்வேர்டுடன் அவர் சைன் அவுட் பண்ணாமல் விட்டிருப்பார், அது பின்னால் இருந்து தட்டிக்கொண்டே இருக்கும்.

1219 என்ற எண் வந்தால், அந்தச் சேர்வருக்கு ஏற்கெனவே வேறொரு பெயரில் தொடர்பு திறந்திருக்கிறது. சைன் அவுட் பண்ணிவிட்டு ஒரே பெயரில் நுழையுங்கள்.

"நெட்வேர்க் பாத் கிடைக்கவில்லை", 80070035 என்று முடியும் எண்

எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டியில் இரண்டு பின்சாய்கோடு போட்டுச் சேர்வரின் பெயருக்குப் பதிலாக அதன் ஐபி எண்ணை அடித்துப் பாருங்கள். எண்ணுக்குத் திறந்து பெயருக்குத் திறக்கவில்லை என்றால் பிழை டிஎன்எஸ்ஸில்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். இந்தப் பக்கத்தில் டொமெய்ன் கோளாறுகளுக்கு நாம் காணும் முதல் காரணம் இதுதான். டொமெய்னில் இருக்கும் கணனி டிஎன்எஸ் ஆகச் சேர்வரை மட்டுமே கேட்கவேண்டும். இன்டர்நெட் றவுட்டரோ தன் எண்ணையே டிஎன்எஸ் ஆகக் கொடுக்கும். றவுட்டருக்கு உங்கள் சேர்வரின் பெயர் தெரியாது. "அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று அது பதில் சொல்ல, கணனியும் நம்பிவிடும். இன்டர்நெட் ஓடும், ஃபைல் மட்டும் வராது.

"இரண்டாவதாக 8.8.8.8 (கூகிளின் பொது டிஎன்எஸ்) போட்டு வைத்திருக்கிறோமே" என்பார்கள். அதை எடுத்துவிடுங்கள். சேர்வர் ஒருமுறை தாமதித்தால் கணனி இரண்டாவதிடம் போகும், அங்கேயும் இல்லை என்ற பதில்தான் கிடைக்கும். இன்று வேலை செய்து நாளை செய்யாமல் விடும் பிழை இப்படித்தான் பிறக்கிறது. 8.8.8.8ஐப் போடவேண்டிய இடம் சேர்வரின் டிஎன்எஸ் மனேஜரில் ஃபோர்வேர்டர்ஸ் என்ற பட்டியல்.

நிரந்தரமாகத் தீர்க்க, றவுட்டரில் டிஎச்சிபியை (கணனிகளுக்கு ஐபி எண்ணும் டிஎன்எஸ்ஸும் பங்கிடும் சேவையை) நிறுத்தி, சேர்வரில் இருந்து கொடுங்கள். இடி மின்னலில் றவுட்டர் எரிந்து புதியது மாட்டிய அன்று அதன் டிஎச்சிபி மறுபடி உயிரோடு வரும், இதே பிழையும் கூடவே வரும். றவுட்டர் மேலேயே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.

ஐபி எண்ணுக்கும் திறக்கவில்லை என்றால் கணனியின் சொந்த எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் அதற்கு எண் கொடுக்க யாரும் இல்லை: கேபிள், ஸ்விட்ச், டிஎச்சிபி என்ற வரிசையில் தேடுங்கள். எண் சரியாக இருந்தால் சேர்வரின் ஃபயர்வோலில் ஃபைல் ஷெயாரிங், அதாவது 445 ஆம் போர்ட், திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணக் கணனியையே சேர்வராக வைத்திருப்பவர்கள் அதன் நெட்வேர்க் "பப்ளிக்" என்று மாறியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். பிரைவேட் ஆக்கினால் திறக்கும்.

விண்டோஸ் 11க்கு மாற்றிய பிறகு பழைய நெட்வேர்க் சேமிப்புப் பெட்டி திறக்கவில்லை

2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததை ஒட்டிப் பல இடங்களில் கணனிகளை மாற்றினார்கள். இதுவும் கூடவே வந்தது. விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பில் புரோ வகை, பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் நுழைவை ஏற்காது; ஒப்பமிட்ட தொடர்பையும் கேட்கும். பெட்டியில் ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்கி, அதன் மென்பொருளையும் புதுப்பியுங்கள். பாதுகாப்பைத் தளர்த்தும் பொலிசியைக் காட்டிக் கொடுப்பவர்கள் இருப்பார்கள். பெட்டி எஸ்எம்பி 1 (ஃபைல் பகிரும் மிகப் பழைய முறை) மட்டுமே பேசும் அளவு பழையது என்றால் அதற்காகக் கணனிகளைத் திறந்து விடவேண்டாம். பெட்டியை மாற்றுங்கள்.

இருபது பேர்வரை சரி, அதற்கு மேல் வருகிறவர் வெளியே

சேர்வர் என்று நீங்கள் வைத்திருப்பது சாதாரண விண்டோஸ் 10 அல்லது 11. அது ஒரே நேரத்தில் 20 தொடர்புகளுக்கு மேல் எடுக்காது. ரீஸ்டார்ட் பண்ணினால் சிலர் கழன்று இடம் கிடைக்கும், பத்து நிமிடத்தில் பழையபடி. இதற்குச் செட்டிங் இல்லை. விண்டோஸ் சேர்வரோ ஒரு நெட்வேர்க் சேமிப்புப் பெட்டியோ வாங்கவேண்டும்.

அறிகுறி 4: ஃபைல் வருகிறது, சில செட்டிங்ஸ் மட்டும் வரவில்லை

பாமினி ஃபொன்டில் அடித்த தமிழ் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது

இந்த ஊரில் அடிக்கடி வரும் முறைப்பாடு. கடிதத்தைத் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும், புள்ளி வைத்த எழுத்துக்கெல்லாம் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். ஃபைல் கெடவில்லை, அந்தக் கணனியில் ஃபொன்ட் இல்லை. ஃபொன்ட் ஆளோடு பயணம் செய்யாது. விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பில் இருந்து "இன்ஸ்டால்" என்று மட்டும் அழுத்தினால் அந்த ஆளுக்கு, அந்தக் கணனியில் மட்டுமே ஏறும். பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. வலது கிளிக் பண்ணி "இன்ஸ்டால் ஃபோர் ஓல் யூசர்ஸ்" கொடுங்கள், ஒவ்வொரு கணனியிலும். புதிய கடிதங்களை யூனிகோடில் அடிக்கப் பழக்கினால் இந்த முறைப்பாடே நின்றுவிடும். ஆனால் இருபது வருடக் கோப்புகள் பாமினியில் கிடக்கும் கந்தோரில் ஃபொன்டை எடுத்துவிடலாம் என்று நினைக்கவேண்டாம்.

குரோம் புக்மார்க் வரவில்லை

குரோம் தன் சாமான்களை ஆப்டேட்டாவுக்குள் லோக்கல் என்ற ஃபோல்டரில் வைக்கிறது. லோக்கல் என்றால் அந்தக் கணனியோடு நிற்கும். குரோமுக்கென்று இருக்கும் ரோமிங் பொலிசியை இயக்கலாம், அல்லது புக்மார்க்கை மட்டும் ஏற்றுமதி செய்து டொக்கியுமென்ட்ஸில் வைக்கலாம். பயர்பொக்ஸ் ரோமிங் ஃபோல்டரில் வைப்பதால் கூடவே வரும்.

எல்லா செட்டிங்ஸும் சில கணனிகளில் மட்டும் வருகின்றன

விண்டோஸ் பதிப்பு வேறு. சேர்வரில் அந்த ஆளின் பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும்: விண்டோஸ் 7க்கு வாலில் வி2, விண்டோஸ் 10 இன் 1607 முதல் 11 வரைக்கும் வி6. ஒன்றில் செய்தது மற்றதற்குப் போகாது. அந்த ஓரிரு விண்டோஸ் 7 கணனிகளை ஓய்வுக்கு அனுப்புவதே வழி.

அறிகுறி 5: நேற்றுச் சேமித்தது இன்று இல்லை, அல்லது பழைய பிரதி வருகிறது

நேற்று எந்தக் கணனியில் இருந்தார் என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் அங்கே போய் அவர் பெயரில் லொக்கின் பண்ணச் சொல்லுங்கள். ஃபைல் அநேகமாக அங்கேயே இருக்கும். ரோமிங் புரொஃபைல் சேர்வருக்கு ஏறுவது சைன் அவுட் பண்ணும்போது மட்டும். கரண்ட் போனாலோ, போகும் அவசரத்தில் சுவர் ஸ்விட்ச்சை நிறுத்தினாலோ ஏறாது. இப்போது நுழைந்து முறையாக சைன் அவுட் பண்ணினால் ஏறிவிடும். ஏறி முடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.

அங்கேயும் இல்லையா? டவுன்லோட்ஸ், பப்ளிக், டி டிரைவ் என்று தேடுங்கள். ரீடிரெக்ஷன் போட்ட இடங்களில் டவுன்லோட்ஸ் பெரும்பாலும் விடுபட்டிருக்கும்.

ஒரே பெயரில் இரண்டு கணனியில் ஒன்றாக நுழைந்திருந்தால், கடைசியாக சைன் அவுட் பண்ணிய கணனியின் செட்டிங்ஸ்தான் நிலைக்கும். ஒரு பெயரை வகுப்பே பகிர்ந்துகொள்ளும் இடங்களில் இது தினமும் நடக்கும். ஆளுக்கொரு கணக்கு கொடுக்காமல் இதற்கு மருந்தில்லை.

ஃபைலுக்கு மேல் வேறொன்று எழுதப்பட்டுவிட்டது என்றால், சேர்வரில் ஷெடோ கொப்பி (ஃபைல்களின் பழைய பதிப்புகளைத் தானே எடுத்து வைக்கும் வசதி) இயங்குமானால், ஃபோல்டரில் வலது கிளிக் பண்ணி பழைய பதிப்புகளைப் பார்க்கலாம். இயங்கவில்லை என்றால் இன்றே இயக்கிவிடுங்கள். போன ஃபைலுக்கு அது உதவாது.

தமிழ்ப் பெயர் வைத்த ஃபைல் மட்டும் ஏறவில்லை

பாதை நீளம். முழுப் பாதையும் 260 எழுத்துக்குள் இருக்கவேண்டும் என்பது பல மென்பொருள்கள் இன்னும் பின்பற்றும் எல்லை. தமிழில் கி, கோ போல அடையாளம் ஒட்டிய உயிர்மெய் இரண்டாக எண்ணப்படும். "திருகோணமலை" கண்ணுக்கு ஆறெழுத்து, கணனிக்கு பத்து. "2024 ஆம் ஆண்டு பட்டணமும் சூழலும் பிரதேச முன்பள்ளி ஆசிரியர் விபரம்" என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராக நான்கு வைத்தால் எல்லை வந்துவிடும். கணனியில் சேமித்தபோது ஏற்றுக்கொண்டது, சேர்வரின் பாதை அதைவிட நீளம் என்பதால் அங்கே ஏறாது. மேல் ஃபோல்டர்களின் பெயரைச் சுருக்குங்கள், ஃபைலின் பெயரைத் தொடத் தேவையிருக்காது.

"வேறொருவர் திறந்திருக்கிறார்" என்கிறது, யாரும் திறக்கவில்லை

சேர்வரில் கம்பியூட்டர் மனேஜ்மென்ட்டைத் திறந்து, ஷெயார்ட் ஃபோல்டர்ஸ், ஓப்பன் ஃபைல்ஸ் என்று போனால் யார் பிடித்திருக்கிறார் என்று தெரியும். அவரிடம் கேட்டுவிட்டு மூடுங்கள். கேட்காமல் மூடினால் அவர் சேமிக்காதது போய்விடும்.

அறிகுறி 6: லொக்கினையே ஏற்கவில்லை, ஒரு கணனியில் மட்டும்

கடிகாரத்தைப் பாருங்கள். சேர்வருக்கும் கணனிக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டொமெய்ன் நுழைய விடாது. கரண்ட் போய் வந்த ஒவ்வொரு முறையும் பழைய வருடத்துக்குப் போகிறது என்றால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பற்றரி செத்துவிட்டது. சில நூறு ரூபா. நேர வலயத்தில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்று இருந்தாலும் சென்னை என்று இருந்தாலும் பரவாயில்லை, இரண்டும் 5.30தான்.

நேரம் சரியாக இருந்தும் "ட்ரஸ்ட் ரிலேஷன்ஷிப்" தோல்வி (டொமெய்னுக்கும் கணனிக்கும் இடையிலான நம்பிக்கை அறுந்துவிட்டது) என்று வந்தால், முதலில் அந்தக் கணனியின் சொந்த அட்மின் பாஸ்வேர்ட் கையில் இருப்பதை உறுதிப்படுத்துங்கள். பிறகு டொமெய்னில் இருந்து எடுத்து மறுபடி சேருங்கள். பாஸ்வேர்ட் தெரியாமல் எடுத்துவிட்டால் கணனிக்குள் நுழையவே வழியிருக்காது. ஒரு கணனியின் டிஸ்க்கை அப்படியே பிரதியெடுத்து மற்றவற்றில் போட்டிருந்தால் இது வரிசையாக எல்லாவற்றிலும் வரும்.

அறிகுறி 7: யாருக்கும் எதுவும் வரவில்லை

ஸ்விட்ச்சில் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் அதன் அடப்டர். எல்லா விளக்கும் ஒன்றாக, வெறி பிடித்ததுபோல மினுங்கினால் யாரோ ஒரு கேபிளின் இரு முனையையும் ஒரே ஸ்விட்ச்சில் குத்தியிருக்கிறார்கள். கூட்டிப் பெருக்கிய அடுத்த நாள் காலை இதைத் தேடலாம். ஒவ்வொரு கேபிளாகக் கழற்றி, மினுங்கல் எப்போது அடங்குகிறது என்று பாருங்கள்.

அடுத்து சேர்வர். சி டிரைவும் ஃபைல் டிரைவும் நிரம்பவில்லையா, ஐபி எண் மாறவில்லையா, கரண்ட் வந்தபோது முழுதாக எழும்பியதா என்று பாருங்கள். சேர்வரின் எண்ணை டிஎச்சிபியில் விடவே கூடாது, நிலையாகப் போடவேண்டும். யூபிஎஸ்ஸின் பற்றரி செத்திருந்தால் ஒவ்வொரு மின்வெட்டிலும் சேர்வர் விழுந்து எழும்புகிறது என்று அர்த்தம். அந்தப் பற்றரியை மாற்றும் செலவு, டிஸ்க்கில் இருந்து ஃபைலை மீட்கும் செலவுக்குப் பக்கத்திலேயே வராது.

எந்த இடத்தில் நிறுத்தி ஆளைக் கூப்பிடுவது

சேர்வர் டிஸ்க்கில் "டிக் டிக்" சத்தம், அல்லது டிஸ்க் தட்டில் செம்மஞ்சள் விளக்கு: ரீஸ்டார்ட் பண்ணவேண்டாம். எந்த டிஸ்க்கையும் கழற்றிப் பார்க்கவேண்டாம். பல டிஸ்க்குகள் சேர்ந்து ஒன்றாக இயங்கும் ரெயிட் அமைப்பில் தவறான டிஸ்க்கைக் கழற்றினால் இருப்பதும் போகும்.

ஃபைல்களின் பெயருக்குப் பின்னால் தெரியாத வால் ஒட்டியிருக்கிறது, ஃபோல்டருக்குள் பணம் கேட்கும் குறிப்பு இருக்கிறது: சேர்வரின் நெட்வேர்க் கேபிளை உடனே கழற்றுங்கள். பவரை நிறுத்தவேண்டாம். பெக்கப் டிஸ்க்கை எந்தக் கணனியிலும் மாட்டவேண்டாம்.

மின்னல் அடித்து ஸ்விட்ச்சின் பாதித் துளைகள் மட்டும் செத்திருக்கின்றன: மற்றப் பாதியும் சந்தேகத்துக்குரியது. வெளியே கட்டடத்துக்குக் கட்டடம் இழுத்த செம்புக் கேபிள் இருந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த இடத்துக்கு ஃபைபர் போடுவதே நல்லது.

டொமெய்ன் சேர்வரே எழும்பவில்லை, அல்லது எழும்பியும் யாருடைய பெயரும் அதில் இல்லை: பெக்கப்பில் இருந்து மீட்பது பழக்கப்பட்டவரின் வேலை. பழைய படிமத்தை எடுத்து நீங்களே மேலே ஏற்றினால் எல்லாக் கணனியும் ட்ரஸ்ட் பிழையோடு நிற்கலாம்.

கொழும்பில் இருந்தோ கண்டியில் இருந்தோ ஆள் வருவதானால் பயணமே அரை நாள் தின்னும். அவர் கேட்கமுன் இவற்றை எழுதி வைத்து ரெலிபோனிலேயே சொல்லிவிடுங்கள்: முதல் இரண்டு சோதனையின் விடை, ஈவென்ட் எண், பிழை முதலில் வந்த நாளும் நேரமும், அதற்கு முந்திய நாள் யார் எதை மாற்றினார்கள் என்பது, கடைசி பெக்கப் எப்போது எடுத்தது, அட்மின் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது. கடைசி இரண்டுக்கும் விடை இல்லாவிட்டால், அவர் வந்து சேருமுன் அதைத் தேடத் தொடங்குங்கள்.